மீன் பாடுமா?

பத்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டை நம் ஊரில் தூரத்திலிருந்தே அறிந்து கொள்ளலாம். விடியற்காலை ஐந்து மணிக்கே அங்கே விளக்கு எரியும். தாய் தேநீரும் கையுமாக நிற்பாள். பிள்ளை பாதித் தூக்கத்தில் வாய்பாடு ஒப்புவிக்கும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு அறிவித்தல் தேவையில்லை.

2025ஆம் ஆண்டில் அவ்வாறு விளக்கெரிந்த வீடுகளில் எமதும் ஒன்று. கல்லூரி ஆசிரியன் வீடு என்றால் சொல்லவும் வேண்டுமோ? பாடசாலை முடிந்தால் பிரத்தியேக வகுப்பு. அது முடிந்தால் எம்முடைய வகுப்பு. நாளொன்றுக்கு மாதிரி வினாத்தாள் மூன்று. கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் அத்தாள்களை அரிசி பருப்போடு சேர்த்து வாங்கி வந்தோம். சிவப்புப் பேனாவுக்கு வீட்டில் ஓய்வே இருக்கவில்லை.

ஒருநாள் அவ்விதத் தாளொன்றில் இப்படி ஒரு வினா வந்தது. ஒலி எழுப்பாதது எது? தவளை, மீன், சில்வண்டு. எம் மகள் எதன் கீழும் கோடிடவில்லை. பக்கத்தில் பென்சிலால் ‘மூன்றும் சத்தம் போடும்’ என்று எழுதி வைத்திருந்தாள்.

“மீன் என்று போடாமல் ஏன் விட்டாய்?” என்றோம்.

“நம்மட வாவியில மீன் பாடுமே அப்பா. இது மீன்பாடும் தேன்நாடு என்று நீங்கதானே சொன்னீங்க?”

“பரீட்சையில் மீன் பாடாது” என்றோம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வேடிக்கையாகவே போயிருக்கும். நாம் நிறுத்தவில்லை. அன்று அவளுக்குப் புள்ளிகளும் குறைவு. “அப்பப்பா தோணியேறிப் போய்ப் பரீட்சை எழுதித் தேறியவர். மேசையும் மின்விளக்கும் விசிறியும் இருந்தும் உனக்கு இது ஏறவில்லையே” என்று சொல்லிவிட்டோம். பிள்ளை அழவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எம் தந்தையாரைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். அவர் பிறந்தது படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். எமது வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாகப் பரந்தது படுவான்கரை. கல்லூரிகளும் கடைத்தெருக்களும் பெரும்பாலும் எழுவான்கரையிலேயே அமைந்தன. அக்கரைப் பிள்ளைக்குக் கல்வி என்பது முதலில் துறையைக் கடக்கும் சங்கதி. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்ததே 2014இல்தான். அதுவரை மக்களை ஏற்றி இறக்கியது ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவை. 1960ஆம் ஆண்டளவில், கமக்காரர் ஒருவரின் ஐந்தாவது பிள்ளையான எம் தந்தையாரை அக்கரையிலிருந்து எடுத்து வந்து வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய விடுதியில் சேர்த்தது இந்தப் பரீட்சையே.

அதன் நோக்கமும் அதுவாகவே இருந்தது. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில் நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை அக்கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுத்து, உணவும் உறையுளும் கொடுத்துப் படிப்பிக்க ஏற்பட்டதே இப்பரீட்சை. அன்று அது ஒரு தோணி. இன்று மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலைப்பொழுதில் அதற்குத் தோற்றுகின்றனர். அவர்களுட் பலர் எம் மகளைப் போல ஏற்கனவே கரையில் இருப்பவர்கள். அதிலும் 2024ஆம் ஆண்டு முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளிப்பட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளைப் பற்றி நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புக் கூற நேர்ந்தது என்றால், அந்த நோய் பிள்ளைகளுடையது அன்று.

எம்முடைய நோயையும் சொல்லிவிடுவோம். நாம் இப்பரீட்சையில் தேறாதவர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர்ச்சூழலில் பாடசாலை நடந்த நாட்களைவிட நடவாத நாட்களே அதிகம். ஊரார் அதனையே காரணமாகக் கூறி ஆறுதல் சொன்னார்கள். தந்தையார் காரணம் எதுவும் கூறவில்லை. ஏசவுமில்லை. அன்றிரவு எம்முடன் உட்கார்ந்து உண்டார். பேசாமல் எழுந்து கைகழுவப் போனார். பட்டங்களும் பதவியும் பின்னர் வந்தும் அந்த மௌனம் எம்மை விட்டுப் போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு சிறு பெண்ணைக் கொண்டு அக்கணக்கைத் தீர்க்கப் பார்த்திருக்கிறோம்.

இது எமக்கு உடனே விளங்கியதென்று கூறினால் பொய்யாகும். விளங்க வைத்தவள் அவளே. அந்நிகழ்ச்சிக்குப் பின் அவளுடைய புள்ளிகள் ஏறின. நாமும் மகிழ்ந்தோம். ஒருவாரம் சென்றபின் சுற்றாடல் வினாவொன்றின் முன்னே பென்சிலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “அப்பா, இதுக்குப் புத்தகத்தில உள்ளதை எழுதவா, மெய்யா உள்ளதை எழுதவா?”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தோம். இல்லை. புள்ளி வழங்குபவர் எதை விரும்புவார் என்று மெய்யாகவே கேட்டாள். இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம்; எந்த மாணவனும் எம்மை அப்படித் தலைகுனிய வைத்ததில்லை.

அதன்பின் மூன்று தாள்கள் ஒன்றாகக் குறைந்தன. மாமி ஆட்சேபித்தார். “பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு தாள் செய்யுது மருமகன்” என்று நாள்தோறும் நினைவூட்டினார். நாம் புள்ளி இடுவதை நிறுத்தி, பிழைத்த வினாக்களை மட்டும் அவளோடு சேர்ந்து உரக்க வாசித்தோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவளுடைய பிழைகளில் பாதி அறியாமையால் வந்தவை அல்ல. ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று அவசரத்தில் வாசித்ததால் வந்தவை. முதலாம் தாளில் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது வினாக்கள். வினாவொன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடம் என்பது சிறிய காலமன்று என்பதைக் கடிகாரத்தை முன்னே வைத்து, ஒன்றும் செய்யாமல் இருவரும் உட்கார்ந்திருந்து பார்த்துக் கொண்டோம். நாம் சொல்லிக் கொடுத்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுவே போலும்.

மீன் வினா மட்டும் தீரவில்லை. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் டெனன்ற், வாவியில் தோணியிலிருந்து அவ்வோசையைக் கேட்டுத் தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார் என்று அவளுக்குச் சொன்னோம். “அப்ப புத்தகத்திலயும் இருக்கு!” என்று துள்ளினாள். அச்சில் வந்ததால் அவள் நம்பியது எமக்கு முழுமகிழ்ச்சி தரவில்லை.

பரீட்சை ஓகஸ்ட் 10ஆந் திகதி. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்து பிரத்தியேக வகுப்புகள் நடத்தத் தடையுண்டு. ஆண்டு முழுவதிலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விடுமுறை அவ்வளவே. எட்டாந் திகதி பௌர்ணமி. மாமியின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாது, இரவு எட்டுமணிக்குப் பிள்ளையைக் கல்லடிப் பாலத்தடிக்கு அழைத்துச் சென்றோம். தெரிந்த மீனவர் ஒருவர் தம் தோணியில் ஏற்றிக் கொண்டார். நடுவாவியில் துடுப்பை நீருக்குள் ஊன்றி, அதன் மேல்நுனியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். ஊர் வழக்கம் அதுதான்.

பிள்ளை நெடுநேரம் அசையாதிருந்தாள்.

“கேக்குதா மகள்?”

“கேக்குது மாமா. வீணைக் கம்பியைத் தொட்ட மாதிரி. மீன்தானே?”

“மீன் என்றுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்கட அப்பா ஊரி என்பார்.”

டெனன்றுக்கும் அன்றைய மீனவர் சிப்பியினம் என்றே சொன்னார்கள். அதை அவளுக்குச் சொன்னபோது, “அப்ப அந்தக் கேள்வியே பிழை” என்றாள். நாமும் துடுப்பைக் காதில் வைத்துப் பார்த்தோம். பாலத்தில் ஓடிய வாகனங்களின் இரைச்சல்தான் எமக்குக் கேட்டது.

பரீட்சையன்று மண்டப வாசலில் எத்தனையோ பெற்றோர் கூடி நின்றனர். ஒன்றும் கேட்பதில்லை என்று மனைவிக்கு வாக்களித்திருந்தோம். பிள்ளை வந்தாள். தண்ணீர்ப் போத்தலை எம் கையில் கொடுத்தாள். பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதைப் பத்திரிகையில் எழுத வேண்டாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. ஆனால் அன்று மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும்போது, நாம் கேளாமலே அவள் எம் காதருகே சொன்னதை எழுதலாம்.

“அப்பா, மீன் வரவேயில்லை.”