அரை நொடித் தாமதம்

2024 மார்ச் 30, சனி

நேற்றிரவிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் எங்கும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்திருக்கிறார்கள். காலையில் அலுவலக சர்வர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பழைய 5.4 வரிசைதான். விஷம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மட்டும். மூச்சு வந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். வேறு ஏதோ வேகச் சோதனையில் இருந்தவருக்கு, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியிருக்கிறார்.

அவர் நேற்று பொதுவில் எழுதிய மடலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன கண்டார், எந்தப் பதிப்பில் கண்டார், எந்தச் சூழலில் அது விழித்துக்கொள்கிறது, எதை இன்னும் ஆராயவில்லை என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. தாம் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். நிரலைச் சேர்த்தவரே செய்தாரா, அவர் கணினிக்குள் வேறு யாராவது புகுந்தார்களா என்ற இரண்டையும் எடைபோட்ட பிறகுதான் தம் சந்தேகத்தைச் சொல்கிறார். இவ்வளவு பெரிய ஆபத்தைக் கையில் வைத்திருந்தும் ஒரு வரிகூடக் குரல் உயரவில்லை. வழு அறிவிப்பு எழுதக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு இனி இதைத்தான் காட்டப்போகிறேன்.

மார்ச் 31, ஞாயிறு

இன்று படித்தவை வேறு மாதிரி மடல்கள். 2022இல் வந்தவை.

எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் பின்லாந்தின் லாசி கோலின். பெரும்பாலும் ஒற்றை ஆள், சம்பளம் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜிகர் குமார் என்ற பெயரில் ஒருவர் வந்து, திருத்தங்கள் ஏன் தேங்கிக் கிடக்கின்றன என்று குடைய ஆரம்பித்தார். டென்னிஸ் என்ஸ் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஆர்வம் போய்விட்டதென்றால் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமே என்பதுதான் அவர்கள் பாட்டு. ஜூனில் கோலின் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களால் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் நினைவில் கொள்ளுங்கள் என்றார். அதற்கும் வந்த மறுமொழியில் வருத்தம் ஒரு வரி. அடுத்த வரியிலேயே, சமூகம் இன்னும் எதிர்பார்க்கிறது என்ற நெருக்கடி.

அப்போது பக்கத்தில் பொறுமையாக உதவிக்கொண்டிருந்தவர் ஜியா டான். அவரிடம் மெல்ல மெல்லப் பொறுப்பு போனது. வாசலை வைத்தது அந்தக் கணக்குதான். விரட்டிய பெயர்கள் இதற்காகவே உருவாக்கப்பட்டவையாக இருக்கும் என்கிறார்கள்.

இந்த மடல்கள் வந்தபோது யாருக்கும் சந்தேகம் எழவில்லை என்பதுதான் என்னைக் குத்துகிறது. எழ வழியில்லை. பயனர்கள் அன்றாடம் எழுதுவதும் இதே தொனியில்தான். சதிகாரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த அதட்டலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யாராவது ஒருவர் நடுவில் வந்து, "அவர் போகிற வேகத்தில் போகட்டும், நான் இரண்டு திருத்தங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்" என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் அவ்வளவு தனியாக நின்றிருக்க மாட்டார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் இதே பேச்சு. "உலகமே நம்பி இருக்குண்ணா. சும்மா குடுத்தாலும் பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று கேட்டான் எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி. கேள்வி நியாயமானது. ஆனால் உரிமத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எம்ஐடி ஆகட்டும், ஜிபிஎல் ஆகட்டும், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அதில் எழுதியே இருக்கிறது. உத்தரவாதம் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஒப்பந்தம், தனிப் பணம்.

கர்ல் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க்கின் கதையையும் சொன்னேன். லாக்4ஜே என்ற மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை வெளியான சில வாரங்களில், 2022 ஜனவரியில், ஒரு பெரிய நிறுவனம் அவருக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி 24 மணி நேரத்தில் பதில் கேட்டது. கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது, ஜாவாவுக்கான லாக்4ஜேயோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். பணிவும் கெடவில்லை, முதுகும் வளையவில்லை.

உருவாக்குபவர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கடுஞ்சொல்லைப் பல ஆண்டுகள் மேதைமையின் அடையாளமாகவே கொண்டாடினார்கள். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்து திரும்பினார். அவர் ஒதுங்கிய நாட்களிலும் கெர்னல் வேலை நிற்கவில்லை. அறிவு கூடியவர் கடிந்துதான் பேச வேண்டும் என்ற நம்பிக்கையால் எத்தனையோ பேர் முதல் கேள்வியோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதி வேளை ஆங்கிலத்துக்கே தயங்கி நிற்பவர்கள், அவர்களுக்கு ஒரு சுடுசொல் போதும்.

ஏப்ரல் 5, வெள்ளி

பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் என் சிறிய கருவிக்கு இந்த வாரம் இரண்டு மடல்கள். ஒன்றில், "வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்பதற்கு மேல் எதுவுமில்லை. எந்தக் கோப்பு, என்ன நடந்தது என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இன்னொன்று ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் அம்மா எழுதியது. "ஐயா, வணக்கம். மாற்றிய கோப்பில் ஸ்ரீரங்கம் என்று தேடினால் சில இடங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் கிடைக்கவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதி, மூலக் கோப்பையும் அந்த வரிகளின் எண்களையும் பதிப்பு எண்ணையும் சேர்த்திருந்தார். அவசரமில்லை என்று ஒரு வரி வேறு. ஸ்ரீயை ஸகரம் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் கொண்டும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. அவர் இவ்வளவு சிரமம் எடுத்துக் காட்டியிராவிட்டால் இந்த வழு என் கண்ணில் பட்டிருக்காது.

எல்லா ஸ்ரீயையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து இன்றிரவு புதிய பதிப்பு போட்டேன். அவருடைய கோப்பிலேயே சோதித்துவிட்டு எழுதினேன்: "அம்மா, வணக்கம். சரியாகிவிட்டது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா? எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்."