பேனையால் எழுதிய பெயர்கள்

விம்பிள்டன் ரென்னிஸ் போட்டி தொடங்குமுன் வெற்றி பெறுவோர் பெயரை அட்டவணையிற் குறித்துவிடுவது நமது நெடுநாளைய வழக்கம். ஆடவர் ஒற்றையரில் 128 பேர். முதற் சுற்றிலே 64 ஆட்டங்கள். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு நாம் அரை நிமிடமும் சிந்திப்பதில்லை. தரவரிசையைப் பார்ப்போம், எழுதிவிடுவோம். சோம்பலை அனுபவம் என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு வசதி உண்டல்லவா?

2013 இல், காலிறுதியிற் பெடரரும் நடாலும் சந்திப்பர் என்று எழுதினோம். மகன் பென்சிலை நீட்டினான். நாம் பேனையையே எடுத்தோம்.

முதல் நாளே நடாலுக்கு எதிரே நின்றார், தரவரிசையில் 135 ஆம் இடத்திலிருந்த பெல்ஜிய வீரர் ஸ்டீவ் டார்சிஸ். நடாலோ இரு வாரங்களுக்கு முன்னர்தான் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றிருந்தார். முதலிரு செட்டுகளையும் டார்சிஸ் 7-6, 7-6 என்று கைப்பற்றியபோது, நமது தாள் பாழாகிறதே என்று நாம் வருந்தியிருக்க வேண்டும். மாறாக, மூன்றாவது செட்டில் அவர் புள்ளி எடுக்குந்தோறும் நமது கைகள் தாமாகத் தட்டின.

"அப்பா, நீங்கள் யார் பக்கம்?" என்றான் மகன். நாவெழவில்லை.

அந்தச் செட்டும் 6-4 என டார்சிஸுக்கே போயிற்று. தோளிற் காயம்பட்ட அவர் அடுத்த ஆட்டத்தை ஆடாமலே விலகினார். இரண்டு நாள் கழித்துப் பெடரரும், 116 ஆம் இடத்திலிருந்த உக்ரேனியர் ஸ்டகோவ்ஸ்கியிடம் தோற்றார்.

மறு ஆண்டு பென்சிலை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம்.