கொழுத்த நண்டு

“கொழுத்த நண்டு வளையில் இராது” என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. செருக்குற்றுத் திரிபவனைச் சுட்டவே அது வழங்குகின்றது. நண்டின் வாழ்க்கையைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு, அப்பழிக்கு அது உரியதன்று என்பது புலனாகும்.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீலநண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு வளையே இல்லை. பகலெல்லாம் கண்களை மட்டும் வெளியே நீட்டி மணலுட் புதைந்து கிடக்கும் அது, பெரும்பாலும் இருள் சூழ்ந்த பின்னரே இரைதேடப் புறப்படுகின்றது. மட்டி, ஊரி, புழு, சிறு இறால் ஆகியன அதன் உணவு. செத்த மீனையும் அது விடுவதில்லை. கொடுக்கினால் நொறுக்கப்பட்ட இரை இரைப்பையினுள்ளும் அரைபடுகின்றது. அங்கும் பற்கள் போன்ற உறுப்புகள் உள.

உண்பது வளர்வதற்காகவே. ஆயின், உடலோடு சேர்ந்து ஓடு வளர்வதில்லை. வளர வேண்டுமெனின் பழைய ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றிய வேளையில் அதனால் உண்ணவும் இயலாது. கொடுக்கை ஓங்கவும் இயலாது. திருக்கைக்கும் சுறாவுக்கும் அதுவே நல்வேளை. அவற்றினும் கொடிய பகை அதன் இனமே: நேற்று அருகில் மேய்ந்த நண்டு, இன்று ஓடு இறுகாத நண்டைத் தின்றுவிடும். எனவே, கொழுத்த நண்டு செருக்கித் திரிவதில்லை, அஞ்சி ஒளிகின்றது.

தாய் இறக்கப் பிறப்பது நண்டு என்னும் பழைய நம்பிக்கை, ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் இடம்பெறுகின்றது. அது மருத நிலத்து நண்டைப் பற்றியது. கடலின் நீலநண்டோ, இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றின் அடியிற் சுமந்து, குடம்பிகளை நீரில் விட்டு, மீண்டும் சினைகொள்ள வல்லது. குடம்பிகளுட் பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகின்றன. அவ்விழப்பைக் கணக்கிட்டே இயற்கை அத்தனை முட்டைகளை அளித்தது போலும்.

அக்கணக்கில் அடங்காத இரைகௌவி ஒன்றுண்டு. விடியற்காலையில் கரையிலிருந்து வலை தெரிவோர் கையில், சினை சுமந்த தாய் நண்டும் அகப்படுகின்றது. அதனைக் கடலில் விட்டால் இன்றைய வருவாய் குறையும். விடாவிடின் நாளைய கடல் குறையும். அடுப்பெரியாத வீட்டாருக்கு நாளைய கடலைப் பற்றிப் போதிப்பது எளிதன்று. கடலடியை வாரியள்ளும் இழுவைமடித் தொழிலை 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடைசெய்தது. பெரிய மடிக்குச் சட்டம் எல்லை வகுக்கலாம். கையில் துடிக்கும் தாய் நண்டுக்கான தீர்ப்பையோ அந்த ஏழைத் தொழிலாளியே வழங்கவேண்டியுள்ளது. அந்நண்டை விலைபேசும் வியாபாரிக்கும், தொலைதூர நாடுகளில் அதனைச் சுவைப்போர்க்கும் அத்தகைய தருமசங்கடம் எதுவும் இல்லை.

பசி தீர்ந்த திருக்கை விலகிச் செல்லும். கொழுத்தும் அடங்காதது எது என்பதை, அப்பழமொழியை வழங்குவோர் இனியேனும் சிந்தித்தல் வேண்டும்.