வினைக்கு எழுவாய் எங்கே?

“எல்லாம் அவரவர் தலையெழுத்து!”

நம் நாட்டிலே நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்பு இது. இழவு வீட்டுத் திண்ணையிலே வழங்கப்படுகிறது; மருத்துவமனைத் தாழ்வாரத்திலே வழங்கப்படுகிறது; வட்டிக் கடைக்காரன் வாசலிலே வழங்கப்படுகிறது. சாட்சி தேவையில்லை, வாதம் தேவையில்லை, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. இந்த வழக்கு மன்றத்திலே குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் எப்போதும் ஒருவன்தான்—அவதிப்படுபவன். விடுதலை பெற்று வெளியேறுபவனும் எப்போதும் ஒருவன்தான்—அவதிக்குக் காரணமானவன்!

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் கொள்கையைக் கருமம் என்பார் வடமொழியாளர். வினை என்பர் தமிழர். வினை! எவ்வளவு நல்ல சொல்! செயல் என்பது அதன் பொருள். உழைப்பு, தொழில், முயற்சி, போர்—இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். வினையே ஆடவர்க்கு உயிர் என்று எண்ணிய மக்களின் சொல் அது. திருக்குறளிலே ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு, அது 38ஆவது. அதைக் காட்டிக் காட்டி நம்மை உட்கார வைப்பவர்கள், 62ஆவது அதிகாரத்தின் பக்கத்தை மட்டும் புரட்டுவதேயில்லை. அதன் பெயர் ஆள்வினை உடைமை. சோர்வின்றி உழைப்பவன் ஊழுக்கே முதுகு காட்ட வைப்பான் என்று வள்ளுவர் சொல்லி முடிப்பது அங்கேதான்.

செய்வதைக் குறிக்கப் பிறந்த சொல், செய்யாதிருப்பதற்குச் சமாதானமாக மாறிவிட்டது. எப்படி மாறிற்று? யார் மாற்றினார்கள்? யாருக்கு ஆதாயம்? இவற்றைக் கேட்பதுதான் என் நோக்கம்.

முதலில், இரண்டு கொள்கைகளை ஒன்றாகக் கலந்து விற்கிறார்களே, அந்தக் கலப்படத்தைப் பிரித்துப் பார்ப்போம். புத்தர் காலத்திலே மற்கலி கோசாலர் என்றொரு சிந்தனையாளர் இருந்தார். ஆசீவகர்களின் தலைவர். அவர் நியதியைப் போதித்தார். நடப்பதெல்லாம் நடந்தே தீரும். மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. புத்தர் அதனை வன்மையாக மறுத்தார். அவர் கூறிய கம்மம் வேறு. எண்ணித் துணிந்து செய்வதே கம்மம் என்று அங்குத்தர நிகாயத்திலே விளக்கம் தருகிறார். அதாவது, மனத்தின் முடிவு; செய்பவனின் பொறுப்பு.

அது மட்டுமன்று. மனிதன் படும் இன்ப துன்பங்கள் யாவும் முன்செய் வினையால்தானே வருகின்றன என்று மோலிய சீவகன் என்னும் துறவி புத்தரிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. இல்லை என்றார் புத்தர். பித்தத்தால் துன்பம் வருவதுண்டு, ஐயினால் வருவதுண்டு, வளியினால் வருவதுண்டு, பருவ மாற்றத்தால் வருவதுண்டு, பிறர் தாக்குவதால் வருவதுண்டு, எட்டு வகைக் காரணங்களில் வினைப்பயன் ஒன்றே ஒன்று என்று எண்ணிக் காட்டினார். காரணத்தைத் தேடு, கண்ணை மூடிக்கொண்டு முற்பிறவியைக் காட்டாதே என்பதுதான் இதன் சாரம்.

நான் மறுபிறவியை நம்புகிறவன் அல்லன். ஆயினும் நம்புகிறவர்களின் நூல்களே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, நம் திண்ணைத் தீர்ப்பாளர்கள் செய்வது என்ன? நியதியையும் வினையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, இடம் பார்த்துப் பரிமாறுகிறார்கள். செத்தவனுக்கு வினைக் கொள்கை: “அவன் செய்தான், அவன் அனுபவித்தான்.” சாகவிட்டவனுக்கு நியதிக் கொள்கை: “அவர் என்ன செய்வார் பாவம், நேரம் அப்படி!” ஏழைக்கு ஒரு தத்துவம், எசமானுக்கு ஒரு தத்துவம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே—விதி!

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரிலே ஒரு தங்கும் விடுதியின் மலக்குழியைத் துப்புரவு செய்ய அழைத்துச் செல்லப்பட்ட இரண்டு இளைஞர்கள் உயிருடன் திரும்பவில்லை. ஒருவன் உள்ளே மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கப் போன மற்றவனும் விழுந்தான். இருவர் வீடும் எங்கள் படிப்பகத்துக்குப் பின்னால் உள்ள தெருவிலே. சென்றிருந்தேன். மூத்தவனின் தாய் மார்பில் அடித்துக்கொண்டு, “என் தலையெழுத்து இப்படியா ஆகணும்!” என்று கதறினாள். அந்தத் தாயிடம் போய்ப் பகுத்தறிவு பேச நான் கல்நெஞ்சன் அல்லன். அணைந்துபோன அடுப்பின் முன்னால் அமர்ந்திருப்பவள், கைக்கு எட்டிய சொல்லைப் பற்றிக்கொண்டு அழுகிறாள். அழட்டும். அது அவள் கண்ணீரின் மொழி.

ஆனால், சற்று நேரத்தில் ஒப்பந்தக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கையிலே ஓர் உறை. உறையைக் கொடுத்துவிட்டு, பெருமூச்சு ஒன்றையும் விட்டுவிட்டு, அவரும் அதே சொல்லைச் சொன்னார்: “தலையெழுத்து, என்னம்மா செய்யிறது!”

சொல் ஒன்றே. ஆனால் தாயின் வாயிலே அது அழுகை; ஒப்பந்தக்காரர் வாயிலே அது விடுதலைப் பத்திரம்! அவள் தன் துயரத்துக்குப் பெயர் தேடினாள். அவர் தன் பொறுப்பிலிருந்து தப்ப வழி தேடினார். விதியைப் பற்றிப் பேசும்போது, என்ன சொல்லப்படுகிறது என்பதைவிட, யார் சொல்கிறார்கள் என்பதே முதற் கேள்வி என்பதை அந்த முற்றத்திலே நான் கண்ணாரக் கண்டேன்.

தலையெழுத்தா? சரி, படித்துப் பார்ப்போம் அந்த எழுத்தை! மூடிய மலக்குழியிலே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கும். அழுகிய முட்டையின் நாற்றம் அதற்கு. அளவு மிகுந்தால் அந்த நாற்றத்தை உணரும் ஆற்றலையே அது மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து இல்லை என்று நினைக்கும் அந்தக் கணத்திலேயே ஆள் சாய்ந்துவிடுவான். இது வேதியியல், விதியியல் அன்று. குழியின் மூடியை முன்கூட்டியே திறந்து வைத்தார்களா? காற்றைச் சோதித்தார்களா? இடுப்பிலே கயிறு கட்டினார்களா? உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய லாரியை அழைத்தார்களா? ஒன்றும் இல்லை. பிரமன் எழுதிய எழுத்தல்ல அது. சிக்கனம் எழுதிய எழுத்து!

சட்டமும் ஊமையன்று. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் வந்த சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1993 முதல் இவ்வாறு இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. முற்பிறவி வினைக்கு இப்பிறவியில் இழப்பீடு தரச் சொல்லுமா ஒரு நீதிமன்றம்? இப்பிறவியிலே, இந்த ஊரிலே, இன்னார் செய்த தவறு என்று கண்டதால்தான் தரச் சொல்லிற்று.

படிப்பகத்துத் தோழர்கள் நால்வருடன் காவல் நிலையம் சென்றேன். அங்கே தயாராக இருந்த அறிக்கையிலே எழுதியிருந்தது: “இருவரும் குழியில் இறங்கினர், மயங்கி இறந்தனர்.” தமிழாசிரியரான தோழர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ஐயா, இங்கே ஓர் எழுத்து பிழை. ‘இறங்கினர்’ அன்று, ‘இறக்கினர்’. அதற்கு முன்னால் யார் இறக்கினர் என்பதையும் எழுதவேண்டும்.”

பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இலக்கணம்தான் இது. இறங்கினான் என்பது தன்வினை. இறக்கினான் என்பது பிறவினை. ஙகர ஒற்றுக்குப் பதில் ககர ஒற்று—ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் அந்த ஓர் எழுத்திலே ஒரு குடும்பத்தின் வாழ்வு இருந்தது. ஒரு குற்றவாளியின் பெயர் இருந்தது. வாதாடினோம். மாலைக்குள் எழுத்து மாறியது. ஒப்பந்தக்காரர் பெயரும் விடுதி உரிமையாளர் பெயரும் ஏறின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது என்பது வேறு கதை. ஆயினும், இழப்பீடு அந்த இரண்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது அந்த ஓர் எழுத்தினால்தான்.

நம் நாட்டிலே வினை பற்றி நிலவும் பெரும் பிழை இதுவே. பிறவினையைத் தன்வினை என்று எழுதிவிடுகிறோம்! பட்டினி கிடந்தான் என்கிறோம். பட்டினி போட்டவனைச் சொல்வதில்லை. படிப்பு ஏறவில்லை என்கிறோம். பள்ளிக்கதவைச் சாத்தியவனைச் சொல்வதில்லை. வினை இருக்கிறது, பயனிலை இருக்கிறது. எழுவாயை மட்டும் காணோம்!

தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளி, முற்பிறவிப் பாவம் என்றது இந்தச் சமூகம். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1981இல் உலக நலவாழ்வு அமைப்பு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது; நோய் குணமாகும் நோயாயிற்று. அத்தனை நூற்றாண்டுகள் தள்ளி வைக்கப்பட்ட மக்களின் ‘பாவம்’ மாத்திரையிலே கரைந்து போயிற்றே, எப்படி? பாவம் அவர்களிடம் இல்லை. அறியாமை நம்மிடம் இருந்தது.

2004 ஜூலை 16. கும்பகோணத்துப் பள்ளியொன்றிலே 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். சமையற்கூடத்திலே பற்றிய தீ, கீற்றுக் கூரையைத் தாவிற்று. குறுகிய படிக்கட்டு, நெருக்கமான வகுப்புகள். அப்போதும் விதி என்று முணுமுணுத்தவர் உண்டு. 94 பிஞ்சுகளும் ஒரே நேரத்தில் ஒரே பாவம் செய்து, ஒரே பள்ளியில் வந்து சேர்ந்தனவாம்! கீற்றைக் கூரையாக்கியது யார், அந்தக் கட்டடத்துக்கு இசைவு அளித்தது யார், பார்வையிட்டும் பாராதிருந்தது யார் என்று கேட்டபோதுதான் விசாரணை நடந்தது. 2014இல் தஞ்சை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. பள்ளிகளிலே கீற்றுக் கூரை கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. கேள்வி கேட்டதால் கூரை மாறிற்று. தலையில் அடித்துக்கொண்டதால் அன்று.

“பொறுப்பு என்று பேசுகிறீரே, அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாவற்றுக்கும் சமுதாயம்தானா?” என்று சிலர் மடக்குவர். இல்லை தோழர்களே, அதுவன்று நான் சொல்வது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் சமுதாயத்தைச் சாட்டித் தப்ப முடியாது. அவன் கை, அவன் ஓங்கியது, அது தன்வினை. அவனவன் செய்ததற்கு அவனவன் பொறுப்பு. செய்யாததை அவன் தலையில் கட்டாதே—இவ்வளவுதான் வழக்கு.

இன்று முற்பிறவி பற்றிப் பேச வெட்கப்படும் படித்த பெருமக்கள், அதே சரக்குக்குப் புதுத்தாள் சுற்றியிருக்கிறார்கள். “உழைத்தால் உயரலாம், உயரவில்லையென்றால் நீ உழைக்கவில்லை” என்கிறார்கள். காலை நாலு மணிக்குத் தெருவைக் கூட்டத் தொடங்குபவளைவிட உழைக்கிறவர் யார்? அவள் மாளிகை கட்டிவிட்டாளா? முற்பிறவிக் குறை என்றது பழைய பஞ்சாங்கம். முயற்சிக் குறை என்கிறது புதிய பஞ்சாங்கம். இரண்டும் விரல் நீட்டுவது கீழே கிடப்பவனை நோக்கித்தான்!

இந்த விதிப் பிரசாரகர்களுக்குத் தம் கொள்கையில் நம்பிக்கை உண்டா என்றால், அதுவும் இல்லை. இரவிலே கதவைத் தாழிடுகிறார்கள். பெட்டகத்துக்குப் பூட்டு மேல் பூட்டுப் போடுகிறார்கள். நெஞ்சு வலித்தால் நகரத்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஒரு முழ நிலத்துக்கு உயர்நீதிமன்றம் வரை செல்கிறார்கள். தமக்கு மதி; பிறருக்கு விதி!

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? சிலப்பதிகாரம் ஊழ்வினையை மெய்ப்பிக்க எழுந்த காப்பியம் என்பர். கோவலன் முற்பிறவியில் ஒருவனைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்ற கதையும் அதில் உண்டு. ஆனால் கண்ணகி, ஊழ் என்று ஒடுங்கிக் கிடக்கவில்லை. ஒற்றைச் சிலம்போடு அரசவை ஏறினாள். பாண்டியனும், ஊழ் என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலன் வெட்டினான் என்று கைகாட்டவும் இல்லை. குற்றம் தன்னுடையது என்றான், அரியணையிலிருந்து சாய்ந்தான். தப்பிக்க விதி எல்லா வழிகளையும் திறந்து வைத்திருந்தும், ஒரு வழியிலும் அவன் நுழையவில்லை. அதனால்தான் தவறிழைத்த அவனையும் தமிழகம் மறக்கவில்லை.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் சரிந்து, தூத்துக்குடி விரைவு இரயில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழை பெய்தது இயற்கை; ஆறு பெருகியது இயற்கை. விதி என்று சொல்ல அதைவிட வாய்ப்பான இடமில்லை. ஆயினும் இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவி விலகினார். அவர் நம் கட்சியினர் அல்லர். ஆனால் நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நா தயங்காது.

ஆகவே, இனி எவரேனும் உங்களிடம் வந்து, “எல்லாம் வினை” என்றால், வாதாட வேண்டாம். “ஆம், வினைதான்” என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “யார் செய்த வினை?”

பெயர் கேளுங்கள். முகவரி கேளுங்கள். நாள் கேளுங்கள். எழுவாய் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். நாம் எழுவாயைத் தேடத் தொடங்கும் நாளிலே, நம் தலைமீது எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் எழுத்து எந்தக் கையின் எழுத்து என்பது தெரிந்துவிடும்.