உரிமையா, உதவியா?

2021ஆம் ஆண்டு மே மாதம். நம் தெருவில் மீன் விற்கும் அம்மையார் ஒருவர் காலையில் நம் வீட்டுப் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். 18 முதல் 44 வயது வரையுள்ளோர் கொரோனாத் தடுப்பூசி பெற, ‘கோவின்’ இணையதளத்தில் முன்பதிவு செய்தல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. அத்தளமோ அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. முகாமிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட அவர் நம்மிடம் கேட்டார்:

“போன மாசம் ஓட்டுப் போடப் போனப்ப, போன் இருக்கான்னு யாரும் கேக்கலியே ஐயா. ஊசிக்கு மட்டும் ஏன் கேக்குறாங்க?”

அவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. நம் கைப்பேசி எண்ணிலேயே அவர் பெயரைப் பதிந்து கொடுத்தோம். அவர் கைகூப்பி நன்றி கூறியபோது நாம் நாணினோம். அவருக்குரிய உரிமை, நம் கை வழியாகச் செல்லும்போது உதவியாக மாறிவிட்டதன்றோ!

மக்களாட்சி தன் தொடக்க நாளில் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. ‘எழுதப் படிக்கக் கற்று வாருங்கள், பிறகு வாக்குரிமை தருகிறோம்’ என்று அரசு கூறவில்லை. 1951-52 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் பொறித்த தனிப்பெட்டி வைத்து, எழுத்தறியாதோரும் வாக்களிக்க வழி செய்தது. அன்று குடிமக்களின் நிலைக்கேற்ப ஆட்சி தன்னை அமைத்துக்கொண்டது. இன்றோ கருவிக்கேற்பக் குடிமக்கள் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

இணையம் வேண்டா என்பது நம் கருத்தன்று. மாணவியர் விடுதியில் கைப்பேசிக்கு விதித்த கட்டுப்பாடு பற்றிய வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் ஒரு பகுதியென 2019இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, இணையம் எல்லார்க்கும் எட்டுதல் வேண்டும். எட்டும் வரை வேறொரு வாயிலும் திறந்திருத்தல் வேண்டும். இணையப் பதிவை மட்டுமே நம்பும் தடுப்பூசி முறை எளியோரை விலக்கிவிடும் என்பதை 2021 மே 31 அன்று உச்சநீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. நேரில் சென்று பதியும் வழியும் அவ்வாண்டே திறக்கப்பட்டது. கேட்டால் கதவு திறக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மாணவச் செல்வங்களே! அண்டை வீட்டார்க்குப் படிவம் நிரப்பித் தருவது நற்பணியே. ஆயினும் அத்தோடு அமைந்துவிடாதீர்கள். இணையமில்லாதவர் வந்தால் என்ன வழி என்று அலுவலகங்களில் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். அந்த அம்மையார் நம் படியேறாமலே தமக்குரியதைப் பெறும் நாளில்தான் நம் நாணம் நீங்கும்.