டையிங் மாஸ்டர் போன பிறகு

திருப்பூர் சாயப்பட்டறைகளில் டையிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். ரெசிபிதான் லேப் டிப் (ஆய்வக மாதிரிச் சாயம்) அட்டையில் இருக்கிறதே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். சாயத்தின் சதவீதம், உப்பு, சோடா ஆஷ், 60 டிகிரி சூடு, அவ்வளவும் அட்டையில் இருக்கும். ஆனால் இந்த லாட் துணி சாயத்தை வேகமாக இழுக்கிறது, சோடாவைச் சிறுகச் சிறுகப் போடு என்று சொல்லும் கண் அவரோடு போய்விடும். இப்படிச் சொல்லில் அடங்காத அறிவைப் பற்றித் தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966-இல் தனிப் புத்தகமே எழுதினார்.

நிறம் தப்பினால் மறுபடி சாயம் போட வேண்டும்; அதனால் கழிவுநீரும் கூடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். மீண்டும் திறக்க, கழிவுநீர் துளியும் நொய்யல் ஆற்றில் கலக்கக் கூடாது என்பதே நிபந்தனை. எனவே ஒவ்வொரு மறுசாயமும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ, ஆவியாக்கி என்று மின்சாரத்தைத் தின்கிறது, உப்பும் குவிகிறது. மாஸ்டரின் அறிவைக் காப்பதும் ஆற்றைக் காப்பதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

அந்த அறிவைச் சேமிக்க மென்பொருள் பிறகு வாங்கலாம். முதலில் தப்பிய லாட்டுகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: ஏன் தப்பியது, எப்படிச் சரியானது என்று. எழுத நேரமில்லையா, வாட்ஸ்அப்பில் குரலாகப் பதியச் சொல்லுங்கள். எல்லாம் சொல்லிவிட்டால் தன் மதிப்புப் போய்விடும் என்று மாஸ்டர் பயப்படுவார். நியாயமான பயம் அது. பக்கத்தில் ஓர் இளைஞரை நிறுத்தி, கற்றுக்கொடுப்பதற்கென்றே மாஸ்டருக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள்.