அரைக்காசு அம்மன் ஊரில் ஒரு மிருதங்கம்

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில், அரைக்காசு அம்மனாம் பிரகதாம்பாள் அருள்புரியும் ஊரில், 1910-இல் பிறந்தவர் ரங்கநாயகி அம்மாள். தந்தை சிவராமன் நட்டுவனார். பெண்கள் பாடினால் பக்கவாத்தியம் வாசிக்கவே தயங்கிய வித்துவான்கள் இருந்த காலம் அது. அத்தகைய நாளில் மிருதங்கம் பயில வந்த சிறுமியை மாணவியாக ஏற்றுக்கொண்டவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மலையென நின்ற அப்பெருமகனார் முருகனடியார். அடியார் உள்ளத்தில் ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் ஏது?

பெண் என்பதற்காகச் சாதகம் எளிதாகிவிடவில்லை. பலாக்கட்டையின் கனம் குறையவில்லை. தொப்பியில் ரவை பூசிச் சுருதி சேர்க்கும் பக்குவமும், விரல்கள் காய்த்துப்போகும் நெடும்பயிற்சியும் அவருக்கும் உரியனவாயின. ஈசன் ஆடுகையில் நந்தியெம்பெருமான் முழக்கும் வாத்தியமன்றோ!

பிறகு, கச்சேரி மேடையில் மிருதங்க வித்துவானுக்கென்று விடப்பட்டிருந்த இடத்தில் ரங்கநாயகி அம்மாள் அமர்ந்தார்.